தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கைத்துப்பாக்கி

கேள்வி (சுருக்கியது): ஐயா, நான் பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஆசிரியை. என் தாத்தா சென்ற ஆண்டு 98 வயதில் காலமானார். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். முதல் திதி முடிந்து வீட்டை ஒழித்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு கைத்துப்பாக்கி, அதன் தோல் உறை, பழைய ஓவல்டின் டப்பாவில் ஐந்து ரவைகள், சிவப்பு முத்திரையுடன் ஜப்பானிய எழுத்தில் ஒரு தாள் ஆகியவை கிடைத்தன. 1941 டிசம்பரில் குழப்பம் நடந்த நாட்களில் ஒரு ஜப்பானிய அதிகாரியிடமிருந்து தாத்தா பறித்தது என்கிறார் பெரியப்பா. நேதாஜி படையில் இருந்தபோது நேதாஜியே தந்தது என்கிறார் சித்தப்பா. 91 வயதுப் பாட்டி எதுவும் சொல்வதில்லை. என் அத்தை மகன் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்த யாரோ 15,000 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறாராம். படங்களை இணைத்திருக்கிறேன். இதன் வரலாற்றை எப்படித் தேடுவது? உண்மையான விலை என்ன? விற்று மூன்று குடும்பங்களும் பிரித்துக்கொள்ளலாமா, அல்லது என் பெயரில் லைசென்ஸ் எடுக்க முடியுமா? அடுத்த வாரம் ஜார்ஜ் டவுன் வரும்போது நேரில் கொண்டுவந்து காட்டட்டுமா?

பதில்: பெட்டியை மூடிப் பூட்டுங்கள், அம்மா. சாவியை நீங்களே வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். கொண்டுவராதீர்கள். கார் டிக்கியில் வைத்துப் பினாங்குப் பாலத்தைத் தாண்டும்போது ஒரு சாலைத் தடுப்பில் நிறுத்தினால், "தாத்தாவின் நினைவுப் பொருள், மதிப்பிடக் கொண்டுபோகிறேன்" என்ற விளக்கத்தை நீங்கள் நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் வழக்கறிஞன் இல்லை. முப்பது ஆண்டுகளாகப் பழம்பொருட்களுக்கு விலை சொல்கிறவன். ஆனால் இந்த ஒரு பொருளில் மட்டும் சட்டத்தைத் தாண்டி விலைக்குப் போக வழியே இல்லை.

மலேசியாவின் 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ ரவையோ வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் பாய்ந்தால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். துருப்பிடித்தது, எண்பது ஆண்டுப் பழையது, சுடுமா என்பதே சந்தேகம் என்றெல்லாம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். சுடக்கூடியதாக மாற்ற முடிந்தாலே அது ஆயுதம். அதன் உதிரி உறுப்பும் ஆயுதம். ஐந்து ரவைகள் தனிக் கணக்கு.

லைசென்ஸ் பற்றிக் கேட்டீர்கள். உரிமம் என்பது ஓர் ஆளுக்கும் ஒரு துப்பாக்கிக்கும் சேர்த்து மாநிலப் போலீஸ் தலைமை தருவது. நிலப் பட்டா போல வாரிசுக்கு இறங்காது. உங்கள் தாத்தாவிடம் உரிமம் இருந்த அடையாளமே இல்லை. எனவே மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குற்றவியல் வழக்குப் பழக்கம் உள்ள ஒரு வழக்கறிஞரிடம் நாளைக்கே பேசுங்கள். நாளை மறுநாள் வேண்டாம். பினாங்கில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. செலவுக்குத் தயங்கினால் அங்கே கேளுங்கள். அவர் மூலமாகவோ அவரை வைத்துக்கொண்டோ போலீசுக்குச் சொல்லுங்கள். பொருளை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அவர்கள் வந்து எடுப்பார்கள். எப்போது, யார், எந்தப் பெட்டியைத் திறந்தீர்கள் என்பதை இன்றிரவே தேதி போட்டு எழுதி வையுங்கள். அத்தை மகனிடம் அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். விலை பேசிய அந்த ஆளுக்குப் பதிலே போட வேண்டாம். அவர் பேசியதையும் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பெரியவர் நெய் டின்னில் ஏதோ கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளே 94 ஆம் வகை ஜப்பானியக் கைத்துப்பாக்கி. அந்த வகையில் ஒரு பெரிய குறை உண்டு. விசையிலிருந்து சுத்தியலுக்குப் போகும் இணைப்புத் தண்டு இடப்பக்கம் வெளியே தெரியும்படி இருக்கும். உள்ளே ரவை ஏறிச் சுத்தியல் இழுபட்டிருந்தால், விசையைத் தொடாமலே, அந்தத் தண்டில் விரல் அழுந்தினாலே வெடித்துவிடும். பெரியவர் அந்த இடத்தில்தான் கட்டைவிரலை வைத்துத் துணியை விலக்கிக்கொண்டிருந்தார். நான் அவரை மெதுவாகப் பேச்சுக் கொடுத்து கடைவாசலில் உள்ள ஐந்தடி நடைபாதைக்கு அழைத்துப்போய், கடையை வெளியே பூட்டிவிட்டுப் போலீசைக் கூப்பிட்டேன். உள்ளே ரவை இருந்தது. அன்று மாலை இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து குடித்த தேநீரின் சுவை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

உங்களுடையது அந்த வகை இல்லை. இருந்தாலும் கைபிடிக்குள் இருக்கும் தோட்டாக்கூட்டை உருவிவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம். குழலுக்குள் ஒன்று தங்கியிருக்கலாம். ஓவல்டின் டப்பாவில் உள்ளவை பச்சை பூத்திருக்கின்றன. எண்ணிப் பார்க்கக்கூடத் திறக்காதீர்கள். அப்படிப்பட்டதற்குப் போலீசில் வெடிகுண்டை அகற்றும் தனிப் பிரிவே இருக்கிறது.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஏற்கெனவே எடுத்துவிட்ட படங்களே போதும். இன்னொரு படம் எடுப்பதற்காகத் துணியை விலக்க வேண்டாம்.

இது ஜப்பானியத் தரைப்படையின் 14 ஆம் வகைக் கைத்துப்பாக்கி. 8 மில்லிமீட்டர் ரவை, தோட்டாக்கூட்டில் எட்டு. சேகரிப்பாளர்கள் இதை 'நம்பு' என்பார்கள். கிஜிரோ நம்பு என்ற படை அதிகாரியின் பழைய வடிவமைப்பிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். தமிழில் படிக்கும்போது எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். இந்தப் பொருளைச் சுற்றி வரும் கதைகளில் நம்பக்கூடியவை அவ்வளவு குறைவு.

14 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஜப்பானியர் ஆண்டைப் பேரரசரின் ஆட்சிக் காலத்தால் எண்ணுவார்கள். தைஷோ பேரரசரின் 14 ஆம் ஆண்டில், அதாவது 1925 இல், இந்த வகை ஏற்கப்பட்டது. ஆயர் ஈத்தாம் பெரியவரின் 94 ஆம் வகைக்குக் கணக்கு வேறு. அது ஜப்பானியப் பேரரசு தோன்றியதாக அவர்கள் சொல்லும் ஆண்டிலிருந்து எண்ணி வரும் 2594, நமக்கு 1934. அந்த எண்ணிக்கை நம் ஊருக்கும் புதிதில்லை. உங்கள் உறவில் யாராவது ஜப்பானியர் காலத்தில் பிறந்திருந்தால் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், 2603, 2604 என்று போட்டிருக்கலாம்.

இப்போது உங்கள் மூன்றாவது படம். துப்பாக்கியின் வலப்பக்கம், கைபிடிக்கு மேலே, சிறிய ஜப்பானிய எழுத்து ஒன்று, பக்கத்தில் 18.6. அந்த எழுத்து 'ஷோ', ஷோவா ஆட்சியின் சுருக்கம். ஷோவா ஆண்டோடு 1925 ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். 18 உடன் கூட்டினால் 1943. புள்ளிக்குப் பின்னால் உள்ளது மாதம். ஆக, இது 1943 ஜூன் மாதம் தொழிற்சாலையை விட்டு வந்தது. அதே வரிசையில் உள்ள வட்டக் குறி நாகோயா படைக்கலச் சாலையுடையது. விசையைச் சுற்றியுள்ள வளையம் பெரிதாக உப்பியிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. மஞ்சூரியக் குளிரில் கையுறை போட்ட விரல் உள்ளே நுழையவில்லை என்ற புகாருக்குப் பிறகு, 1940 ஐ ஒட்டி அந்த வளையத்தைப் பெரிதாக்கினார்கள். கெடா வெயிலில் அதற்கு என்ன தேவை என்று கேட்காதீர்கள், படைத்துறை எல்லோருக்கும் ஒரே அச்சில்தான் வார்க்கும்.

இந்த ஒரு தேதியை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கதைகளைப் பார்ப்போம்.

பெரியப்பா சொல்லும் 1941 டிசம்பர் உண்மையிலேயே குழப்பமான மாதம்தான். 8 ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11 ஆம் தேதி ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. சில நாட்களில் வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார்கள். மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கும் வேலை, பத்திரிகை ஆசிரியராக இருந்த சரவணமுத்து என்ற தமிழரின் தலையில் விழுந்தது. 19 ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள். இதெல்லாம் நடந்தது. ஆனால் 1943 ஜூனில் செய்த துப்பாக்கியை 1941 டிசம்பரில் யாரிடமிருந்தும் பறிக்க முடியாது.

சித்தப்பாவின் கதையைத் தள்ளுவது கொஞ்சம் கடினம்; நம்மவர்களுக்கு அது கூடுதலாக வலிக்கவும் செய்யும். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலைத் தொடக்கத்தில். அதற்கு முந்தைய மாதம் நாகோயாவில் செய்த துப்பாக்கி பின்னர் மலாயாவுக்கு வந்து அவர் கைக்குப் போயிருக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் இந்திய தேசிய ராணுவத்தின் ஆயுதங்கள் பெரும்பாலும் பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் பிடித்துக் கொடுத்தவை. உங்கள் பெட்டியில் வெப்ளி, என்ஃபீல்ட் போன்ற ஒரு பிரிட்டிஷ் ரிவால்வர் இருந்திருந்தால் சித்தப்பாவை இன்னும் கூர்ந்து கேட்டிருப்பேன். தவிர, நான் இதுவரை கேட்ட 'நேதாஜி கையால் தந்த' பொருட்களை எல்லாம் அவர் உண்மையில் தந்திருந்தால், போர் நடத்த அவருக்கு நேரமே இருந்திருக்காது. தாத்தா அந்தப் படையில் இருந்தாரா என்பது வேறு கேள்வி. அதைத் தேட வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அப்படியானால் ஒரு பத்தொன்பது வயதுக் கிராணியிடம் இது எப்படி வந்தது? உங்கள் கடிதத்தில் உள்ள வயதைக் கணக்கிட்டால் 1945 இல் அவருக்கு அவ்வளவுதான் இருக்கும். நான் யூகிக்கும் காலம் அந்த ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர். ஆகஸ்ட் 15 இல் ஜப்பான் சரணடைந்த செய்தி வந்துவிட்டது. பினாங்கில் இருந்த ஜப்பானியக் கடற்படைத் தளபதி நெல்சன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டது செப்டம்பர் 2. பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் கரையேறியது மறுநாள். இடையில் கிட்டத்தட்ட மூன்று வாரம். உள்நாட்டுத் தோட்டங்களில் இன்னும் அதிகம். தோற்ற படை கையில் ஆயுதத்தோடு நிற்கிறது, வென்ற படை இன்னும் வரவில்லை. அந்த நாட்களில் அரிசிக்கும் சாதாரண உடுப்புக்கும் மாற்றிக்கொண்டவை, ஆற்றில் வீசியவை, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் புதைத்தவை பற்றி நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். தோட்டத்துக் கணக்கையும் அரிசிப் பங்கீட்டையும் கையில் வைத்திருந்தவர் கிராணி. அவரிடம் ஒரு பொருள் வந்து சேர்வதற்கு வீரச் செயல் எதுவும் தேவையில்லை. உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இருப்பவற்றுள் இதுதான் நம்பத்தக்கதாகப் படுகிறது.

அடுத்த கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதம் முழுக்க அதுதான் ஒளிந்திருக்கிறது. ஏன் எழுபது எண்பது ஆண்டுகள் அவர் வாயே திறக்கவில்லை? ஏன் பாட்டி இன்றும் பேசவில்லை?

1945 டிசம்பரில், காட்டிலிருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய மலாயா மக்கள் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 டாலர் கொடுத்தார்கள். அப்போதே கொடுக்காமல் வைத்துக்கொண்டவர்கள் பலர். 1948 ஜூனில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் வந்தது. உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதியை நம் வீடுகளில் 'மலாயா கணபதி' என்பார்கள். அவரிடம் துப்பாக்கி இருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. இந்தியாவிலிருந்து கருணை கேட்டும் பயனில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அன்றைய தோட்டத் தமிழனுக்கு அந்தச் செய்தி என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் ஒன்றை வைத்திருக்கும் கிராணி அதை ஒப்படைக்கப் போனால் 'இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய்' என்பார்கள். எறியப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, இரவில் ஊரடங்கு, கேட்டில் சோதனை. என் தந்தையார் சுங்கை பட்டாணியில் வேலை பார்த்தவர். கணபதி என்ற பெயரை அவர் கடைசிவரை தாழ்ந்த குரலில்தான் சொன்னார், பிள்ளையாரைப் பற்றிப் பேசும்போதுகூட.

அவசரகாலம் 1960 இல் முடிந்தபோதும் நிலைமை மாறிவிடவில்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலும், பாதுகாப்புப் பகுதியில் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை இருந்தது. அந்தச் சட்டம் போனது 2012 இல். அதாவது உங்கள் தாத்தா தம் எண்பதுகளின் நடுப்பகுதிவரை, அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கழுத்துக்குக் கயிறு வரலாம் என்ற எண்ணத்தோடு அதன் மேலேயே படுத்து உறங்கியிருக்கிறார். பாட்டி அவரை மணந்தது அவசரகாலத்தின் நடுவில் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிந்துகொண்டே மணந்தாரோ பிறகு தெரிந்ததோ, பேசாமல் இருக்கப் பழகிவிட்டார்.

இனி விலை.

அமெரிக்காவில் தனியார் சட்டப்படி வாங்கி விற்கக்கூடிய மாநிலங்களில், சாதாரண 14 ஆம் வகைத் துப்பாக்கி சில நூறு டாலரில் தொடங்கி, நிலை நன்றாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். லட்சக்கணக்கில் செய்த பொருள், அரிதானது அல்ல. அரிது என்றால் அதே குடும்பத்தில் 'குழந்தை நம்பு' என்று சொல்லப்படும் 7 மில்லிமீட்டர்ச் சிறிய வகை. அது சுமார் 6,500 தான் செய்தார்கள். விலை பல மடங்கு. நம் ஊரில் படத்தைப் பார்த்தே பெருந்தொகை சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த விலையை எங்கோ படித்துவிட்டு இந்தப் பொருளுக்கு ஒட்டுகிறார்கள்.

அங்கே ஒரே வகைத் துப்பாக்கிகளுக்குள் விலையை ஏற்றி இறக்குவது சில நுட்பங்கள். தோட்டாக்கூட்டின் அடியில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களும் ஒத்துப்போக வேண்டும். தோட்டாக்கூடு மாறியிருந்தால் கணிசமாக இறங்கும். தொழிற்சாலையில் ஏற்றிய கறுநீல மெருகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது அடுத்தது. யாராவது தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் பாதி போயிற்று. பித்தளைக் குத்துவிளக்கைப் புளிபோட்டுத் துலக்குகிற கை நம்முடையது; இரும்பைக் கண்டாலும் சும்மா இருக்காது. பெரியப்பா சாம்பலும் எண்ணெயும் வைத்துத் தேய்க்கலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். குழலில் ஈயம் ஊற்றி அடைத்துவிட்டால் சட்டத்திலிருந்து தப்பலாம் என்று யாராவது சொல்வார்கள், சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். தப்ப முடியாது. பொருளும் கெடும்.

அமெரிக்கச் சந்தையின் விலை உங்களுக்கு எதற்கும் உதவாது. இங்கிருந்து அங்கே அனுப்பத் தனி அனுமதி வேண்டும். உரிமமே இல்லாத பொருளுக்கு அதைக் கேட்கவும் முடியாது. இங்கே உங்களிடமிருந்து வாங்குகிறவர் எத்தனை வெள்ளி தந்தாலும் அது சட்டவிரோத ஆயுத விற்பனை; வாங்கினவரும் விற்றவரும் ஒரே படகில். 15,000 வெள்ளி என்றது விலை இல்லை, அம்மா, தூண்டில். தாத்தாவின் சொத்துப் பட்டியலைப் போட்டு மதிப்பிடச் சொல்லி உங்கள் வழக்கறிஞர் என்னிடம் அனுப்பினால், துப்பாக்கிக்கு எதிரே பூஜ்ஜியம் என்றுதான் எழுதுவேன். பூஜ்ஜியத்தை மூன்று பங்காகப் பிரிப்பதில் குடும்பத்துக்குள் சண்டை வராது என்பது ஒரு சௌகரியம்.

போலீஸ் எடுத்துப்போன பிறகு அது எங்கே போகும் என்று நான் வாக்குறுதி தர மாட்டேன். பெரும்பாலும் அழிப்பார்கள். ஆனால் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். உங்கள் வழக்கறிஞர் தரும் கடிதத்திலேயே, இதன் தயாரிப்பு ஆண்டையும் எண்ணையும் குடும்பத்துக்குத் தெரிந்த வரலாற்றையும் ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதி, விசாரணை முடிந்தபின் அருங்காட்சியகத்துக்குத் தர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் போலீஸ் அருங்காட்சியகம், போர்ட் டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கின்றன. கேட்பதை முதலிலேயே எழுத்தில் கேட்க வேண்டும். அழித்தபின் கேட்டுப் பயனில்லை.

அந்தத் தோல் உறைதான் எனக்கு ஆசை காட்டுகிறது. சிப்பி போன்ற மூடியோடு, நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்தும் தையல் விடாமல் இருப்பதைக் காண்பது அபூர்வம். வெறும் தோல் உறை ஆயுதம் இல்லை. ஆனால் இந்த வகை உறைகளின் உள்ளே ஒரு சிறிய அறை இருக்கும். இந்தத் துப்பாக்கியில் ரவையைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி அடிக்கடி முறியும் என்பதால், மாற்று ஊசி ஒன்றை அதில் வைத்திருப்பார்கள். ஊசி துப்பாக்கியின் உறுப்பு, ஆகவே சட்டத்தின் கண்ணில் அதுவும் ஆயுதம். நீங்களே விரலை விட்டுத் தேடாமல், போலீஸ் வரும்போது உறையையும் காட்டி, உள்ளே சோதித்துவிட்டுத் திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள். தந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் காய வைக்கவோ தேங்காயெண்ணெய் பூசவோ வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

அந்தத் தாள். நீங்கள் அதைப் பத்திரமாக வைக்க லேமினேட் செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் துப்பாக்கிக்கு அடுத்தபடியாக என்னைப் பதறவைத்த வரி அதுதான். லேமினேட் செய்தால் பழைய தாளைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. சூட்டில் சிவப்பு முத்திரை கரைந்து பரவக்கூடும். இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துவிட்டு, மடிப்பை நீட்டாமல் ஒரு வெள்ளைத்தாள் உறையில் வையுங்கள். படத்தில் உள்ளது கையால் எழுதிய எழுத்து. அச்செழுத்துப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் அதில் தடுமாறுவார்கள். போருக்கு முந்தைய எழுத்துமுறை தெரிந்த ஒருவர் வேண்டும். பல்கலைக்கழகங்களின் ஜப்பானிய மொழித்துறையில் கேட்டால் வழிகாட்டுவார்கள். அது ஒரு படைவீரனின் அடையாளச் சீட்டாக இருக்கலாம், தோட்டத்துக்கு வந்த அரிசிக் கணக்காகவும் இருக்கலாம். பெயரோ படைப்பிரிவின் எண்ணோ இருந்தால், ஜப்பான் அரசு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஆசிய வரலாற்று ஆவண மையத்தில் அதைத் தொடரலாம்.

தாத்தா நேதாஜி படையில் இருந்தாரா என்பதற்குப் புதுடில்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் ஓர் இடம். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் காலம் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் நிறைய உண்டு. தோட்டத்திலிருந்து படையில் சேர்ந்தவர்கள் பேசியவை அவற்றுள் இருக்கின்றன. அந்த ஊர்த் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பில் வீட்டிலிருந்தே தேடலாம். கோலாலம்பூரில் நம் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போனால் தோட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள், ஆளின் பெயரை வைத்து அல்ல. நம்மவர் பெயரை அந்தக் காலத்து எழுத்தர்கள் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் தப்பாமல் எழுதினார்கள், அது வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயராக இருந்ததால்.

இவை எல்லாவற்றுக்கும் முன் பாட்டி இருக்கிறார். ஆனால் வரிசை முக்கியம். போலீஸ் வந்து எடுத்துப்போய், வழக்கறிஞர் 'முடிந்தது' என்று சொன்ன பிறகு உட்காருங்கள். அதற்கு முன் கேட்டால், எழுபது ஆண்டுப் பயம் அவரை மறுபடியும் மூடிவிடும். 'துப்பாக்கி எப்படி வந்தது' என்று தொடங்காதீர்கள்; 'நேதாஜி கொடுத்தாரா' என்று விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கவே வேண்டாம், சித்தப்பாவுக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார். அவசரகாலத்தில் தோட்டத்து கேட்டில் சோதனை எப்படி நடந்தது, அரிசி எவ்வளவு கொடுத்தார்கள், வீடு மாறும்போது அந்தப் பெட்டியை யார் தூக்கினார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெரியப்பாவும் சித்தப்பாவும் அந்த நேரம் கடைக்குப் போய்வரட்டும்.

தோல் உறை திரும்பி வந்தால், தாளையும் எடுத்துக்கொண்டு தாராளமாக என் கடைக்கு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் மட்டும் போடாதீர்கள். புதன்கிழமை கடை கிடையாது.